வெற்றிலை கொடுக்காத கை

அக்கா,

இன்று காலை பிலிமத்தலாவைக் களஞ்சியத்தில் தகரப் பெட்டிகளைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உனக்கு ஆகாத வாசனை. "உன் கடைக்குள்ள கால் வச்சாலே செத்த வீட்டு அலுமாரிய தொறந்த மாதிரி இருக்குடா" என்பாய். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, வெளியே நடைபாதையில் நின்றபடியே என்னோடு பேசுவாய்.

பட்டமளிப்புக் காலம் மறுபடி வந்துவிட்டது. வாடகைக்கு விடும் கறுப்பு அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, கொடியில் தொங்கவிட்டு, பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். நீ போன பிறகு இதை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை. நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், அதனால் அவசரமில்லாமல் எழுதுகிறேன்.

அந்த வருஷ மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியது. உயிர் தப்பியது பெரிய காரியம். உன் வீட்டில் அடுப்படி போயிற்று, மச்சானின் படம் மாட்டியிருந்த சுவர் போயிற்று. எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தீர்கள். நான் வான் பிடித்து வந்தபோது பாதி வழியில் றோட்டை மூடிவிட்டார்கள். பாணும் பருப்பும் ஒரு புதுக் குடையும் பொலிஸ்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். குடை உன் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குடைதான் பிறகு இவ்வளவுக்கும் சாட்சி.

அந்த நடிகர் அங்கே வந்ததை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். டெலிநாடகத்தில் கதாநாயகனாக இருந்து, பிறகு தொலைக்காட்சியில் சவர்க்காரமும் ஷாம்பும் விற்று, அதற்கும் பிறகு மண்டபம் மண்டபமாக 'வாழ்க்கையில் உயர்வது எப்படி' என்று பேசித் திரிந்தவர். பெயரை எழுதி அவருக்கு இன்னொரு விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு வான் நிறைய அரிசிப் பொதி, ஒரு வான் நிறையக் கமெரா. வரிசையில் நீதான் முதலில் நின்றாயாம்.

"குடைய மடக்கச் சொன்னாங்கடா. மூஞ்சி தெரியலயாம்" என்றாய் என்னிடம். "மடக்குனேன். அரிசி மூட்டைய கையில குடுத்து, நன்றி சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். சத்தம் பத்தலன்னு மறுபடி சொல்லச் சொன்னாங்க. மூணாவது வாட்டி, வாய் தவறி, நன்றி தொரேன்னுட்டேன்."

அது வாய் தவறியதும் இல்லை. சுத்தமான சப்பாத்தோடு மலையேறி வருகிற யாராக இருந்தாலும் தோட்டத்தில் அவர் தொரைதான். அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், நானும் டவுனுக்கு இறங்கி வெகுகாலம் பாங்கு முகாமையாளரை 'தொரே' என்று கூப்பிட்டு அவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். நடிகரும் சிரித்துவிட்டு, உன் தோளில் கை வைத்து, கமெராவைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னாராம். அந்தச் சொல் சிங்களத்திலும் இருக்கிற சொல்லாகப் போனதால் நாட்டில் ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் எடுத்துப் போட்ட படத்தைக் கடையில் ஒரு வாடிக்கையாளரின் போனில் முதலில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் அக்கா நாடெல்லாம் தெரிகிறாள் என்று. பின்னணியில் வயலின். உன் முகம் மட்டும் பெரிதாக, மெதுவாக. கன்னத்தில் நீர் வழிகிறது. கீழே எழுத்து: கண்ணீரோடு ஒரு மலையகத் தாய். ஒரு வியாபாரியாகப் பார்த்தால் அது நல்ல வேலை. எதை எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று தெரிந்தவன் செய்த வேலை.

உன்னிடம் கேட்டேன், "ஏன்க்கா அழுத?"

"யாரு அழுதா? குடைய மடக்கச் சொன்னா மூஞ்சில என்னடா ஒழுகும்? அது மழைத்தண்ணி."

மேனகா அப்போது பல்கலைக்கழக வளாகத்தில் கடைசி வருஷம். உன் ஒரே பிள்ளை. அந்தப் படம் அவளுடைய விடுதிக்கும் போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டு மண்டபத்தில் கறிச்சட்டியை வாங்குகிறவள் 'நன்றி தொரே' என்று குனிவாள், நீட்டுகிறவளும் குனிவாள், மேசை முழுக்கச் சிரிக்கும். அது தன் அம்மா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளோடு அறையில் இருந்த ரிஸ்னாவுக்கு மட்டும் தெரியும். பிள்ளை அந்த வருஷம் இரவுச் சாப்பாட்டை அறையிலேயே பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டாள் என்பதை ரிஸ்னா சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

அவர் அதோடு விடவில்லை. போகிற மண்டபமெல்லாம் உன் கதையைச் சொல்லத் தொடங்கினார். "அந்தத் தாய் என்னைத் துரை என்றார். நான் அவரை அணைத்து, நான் துரை இல்லை அம்மா, உங்கள் மகன் என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார்." இதைச் சொல்லி முடித்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார். சனம் கண்ணைத் துடைக்கும். ஒரு நாள் நீ என் போனில் அதைப் பார்த்துவிட்டு, "எந்தத் தோளு? நா ரெண்டு கையிலயும் மூட்டைய புடிச்சிக்கிட்டு எப்ப விழும்னு நின்னேன்" என்றாய். அப்போது நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவ்வளவில் முடிந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

பிறகு உனக்கு நோய் கண்டது. வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டி பெரியாஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்து, அப்படியே மூடித் தைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அம்பிட்டியவில் என் வீட்டு முன்னறையில் உன்னைப் படுக்க வைத்தோம். ஜன்னலால் பார்த்தால் வளைவில் பஸ் ஏறுவது தெரியும். நீ ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்பாய், மேனகா அதில் வருகிறாளா என்று.

நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கறுப்புச் சட்டைய மாட்டிக்கிட்டு எம்புள்ள மேடையில நடக்கறத பாத்துட்டா போதும்டா. அதுக்கு மேல ஒரு நாளும் வேணாம்."

"சட்டை உன் தம்பியோடது, மண்டபத்துக் கதிரையும் உன் தம்பியோடது. முன்வரிசையில உனக்கு ஒன்னு போடுறேன்" என்றேன்.

"முன்னால வேணாம். முன்னால நின்னா படம் புடிப்பானுக. பின்னால ஓரமா போடு."

உனக்கு அந்த நாள் வரைக்கும் மூச்சு இருக்குமா என்று எனக்கு ஒரு பயம். அது வரைக்கும் இருந்தால் போதும் என்று டாக்டரிடமும் கேட்டேன், சாமியிடமும் கேட்டேன். என் பேரம் அவ்வளவுதான்.

பட்டமளிப்பில் பேச வருகிற பிரதம விருந்தினர் யார் என்று அறிவித்த அன்று பின்னேரம் மேனகா என் கடைக்கு வந்தாள். கூட ரிஸ்னா, யாழ்ப்பாணத்துப் பையன் ஜெயந்தன், இன்னும் நாலைந்து பிள்ளைகள். நல்ல மழை. நனைந்த சப்பாத்துகளோடு துணிக்கட்டுகளுக்கு இடையில் நின்றார்கள்.

"மாமா, அந்த நடிகருதான் வர்றாரு" என்றாள் மேனகா. மற்றதை நான் கேட்கத் தேவையில்லை. அவர் வந்தால் அந்தக் கதையைச் சொல்வார். சொல்லும்போது அவள் அங்கி போட்டுக்கொண்டு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பாள். பின்வரிசை ஓரத்தில் நீ உட்கார்ந்திருப்பாய்.

ரிஸ்னா சொன்னாள், "எங்கட உம்மா கேக்குறாங்க, அந்தாளு எந்தக் கெம்பஸ்ல ஷாம்புக்குப் பட்டம் வாங்கினார்ண்டு."

"அவர் படிச்சவரோ எண்டு நாங்கள் கேக்கேல்லை அங்கிள்" என்றான் ஜெயந்தன். "நாலு வருசம் இருந்து படிச்ச எங்களுக்கு ஒரு கதை சொல்லத்தான் வேணுமெண்டால், சொல்ல ஆளில்லையே? எங்கட பேராசிரியர் ஒருத்தர் இந்த வருசம் ஓய்வு பெறுறார். அவரைக் கேக்கலாம்தானே. இல்லையெண்டால் பேச்சே வேண்டாம். பேரைக் கூப்பிட்டுக் குடுத்து அனுப்பட்டும்."

"சரி, என்கிட்ட ஏன் வந்தீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரிஸ்னாதான் துணிந்தாள். "நீங்க இந்தக் கறுப்புக் கிளோக் குடுக்கல்லண்டா விழாவே நடக்காதே மாமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புள்ள, நான் குடுக்காட்டி கொழும்பிலிருந்து ஒருத்தன் விடிய முன்னுக்குக் கொண்டுவந்து இறக்குவான். அவன்ட கிளோக்ல பட்டன் கூட இருக்காது. நடுங்கிட்டே நிப்பீங்க."

"அப்போ நாங்க என்ன செய்றது?" என்றாள் மேனகா.

"செய்றத செய்ங்க. ஆனா ஒன்னு, அம்மா அன்னிக்கு மண்டபத்துல இருக்கணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை உன்னுடையது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன் கண்ணில் இருந்தது.

பிள்ளைகள் கையெழுத்துத் திரட்டினார்கள். மதிலில் ஒட்டினார்கள்: 'எங்கள் மேடை, எங்கள் பேச்சு.' கூட்டம் கூடிப் பேசினார்கள். பாதிப் பேருக்கு அவரோடு செல்பி எடுக்க ஆசை, அவர்கள் கையெழுத்து வைக்கவில்லை. வைத்தவர்களிலும் பாதிப் பேர், வீட்டிலிருந்து ஒரு போன் வந்ததும் அழித்துவிட்டார்கள். நிர்வாகம் ஒரு அறிவித்தல் போட்டது. எதிர்ப்பில் கையெழுத்து வைத்தவர்கள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காதவர்களின் பெயர் மேடையில் வாசிக்கப்பட மாட்டாது. சான்றிதழ் தபாலில் வரும்.

இதை உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. மேனகா வந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சேலை உடுத்துவது என்று பேசுவாள். பச்சை என்பாய். கறுப்பு அங்கிக்குள் பச்சை எங்கே தெரியும் என்பாள். "எனக்குத் தெரியும்ல" என்பாய்.

அப்போதுதான் விழாவுக்குப் பொறுப்பான மேடம் என் கடைக்கு வந்தார். நல்ல மனுஷி, மரியாதையான சிங்களம். கதிரைக் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டு, எழும்பாமல் இருந்தார்.

"முதலாளி, அந்தப் படத்தில் இருக்கும் அம்மா உங்கள் அக்கா என்று கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னது?"

"அதை விடுங்கள். பிரதம விருந்தினருக்கு மேடையில் வெற்றிலை கொடுத்து வரவேற்க வேண்டும். அதை உங்கள் அக்கா கொடுத்தால் எப்படி இருக்கும்? அவருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். பிள்ளைகளின் கோபமும் அடங்கிவிடும். உங்கள் மருமகளின் பெயரும் வாசிக்கப்படும், நான் பார்த்துக்கொள்கிறேன்."

அக்கா, வாழ்க்கை முழுக்க நான் விற்று வாங்கியவன். நடைபாதையில் குடை விற்றுத் தொடங்கியவன். யார் எதைக் கொடுத்து எதைக் கேட்கிறார்கள் என்று எனக்குச் சட்டென்று விளங்கும். இது நல்ல பேரம் என்றுதான் பட்டது. ஒரு கட்டு வெற்றிலை. அதற்கு மாற்றாக, நீ கேட்ட அந்த ஒரே காட்சி. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இன்றைக்கும் கொடுப்பேன்.

அன்று பின்னேரம் உன் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, அறிவித்தல், வெற்றிலை, எல்லாம். ஒரு பஸ் வளைவில் ஏறி மறையும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வெத்தலைய எப்பிடிக் குடுக்கணும்?"

"ரெண்டு கையாலயும்."

"குனியணுமா?"

"கொஞ்சம்."

"கொழுந்துக்குக் குனிஞ்சேன், அது வயித்துக்கு. வெறகுக்குக் குனிஞ்சேன், அது அடுப்புக்கு. இது எதுக்குடா?"

"மேனகாவுக்கு" என்றேன். அதைவிடப் பெரிய சீட்டு என் கையில் இல்லை.

நீ கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாய். வலி வந்துவிட்டதோ என்று நான் மருந்தைத் தேடினேன்.

"அந்தக் கதையச் சொல்லுவாரா?"

"சொல்லுவாரு."

"அதுல நா அழுவேனா?"

"அழுவ."

"அப்போ நா பக்கத்துல நிக்கிறப்பவே அழுதேன்னு சொல்லுவாரு. நா நின்னு கேட்டுக்கிட்டு இருக்கணும். எம்புள்ள கீழ உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணும்." மூச்சு வாங்கியது உனக்கு. "எனக்கு ஏலாதுன்னு சொல்லிரு. வருத்தக்காரி, படுத்துக் கெடக்கான்னு சொல்லாத. விருப்பமில்லன்னு சொல்லு."

மேடத்திடம் அப்படியே சொன்னேன். அடுத்த நாள் மேனகா வந்தாள். மன்னிப்புக் கடிதத்தை எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தாள். "ஒரு தாள்தானேம்மா, எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிரும். நீங்க பாக்கணும், எனக்கு அவ்வளவுதான்" என்றாள்.

நீ அதை வாங்கிப் பார்க்கவில்லை. "எனக்காக நீ தலகுனியாத" என்றாய். "நா தலகுனிஞ்சத நாடே பாத்துருச்சு. வீட்டுக்கு ஒருத்தி போதும்."

"நீங்க பாக்கணும்னுதானே சொன்னீங்க!" அவள் கத்தினாள், அக்கா. உன்னிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "இப்ப வேணாங்கிறீங்க. அப்புறம் எப்ப பாப்பீங்க? எப்பம்மா?"

நீ கையை நீட்டி அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாய். அவள் கடிதத்தை மடித்து மடித்து, மடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக்கி, கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதை நிர்வாகத்திடம் கொடுக்கவில்லை.

விழா நாளில் நான் விடியலிலேயே மண்டபத்தில் நின்றேன். கதிரை போட்டது என் ஆட்கள். உடுப்பு அறையில் அங்கி மாட்டிவிட்டதும் என் ஆட்கள். பின்வரிசை ஓரத்தில் உனக்கென்று போட்ட கதிரையில் யாரோ ஒரு தகப்பன் பூச்செண்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுக்கச் சொல்லவில்லை.

கையெழுத்தை அழிக்காமல் நின்ற கொஞ்சப் பேர் கேற்றுக்கு வெளியே றோட்டோரத்தில் நின்றார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. மேனகா பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள், அங்கி இல்லாமல். பக்கத்தில் ரிஸ்னா. போகிற வருகிற வாகனத்திலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "என்ன, டிக்கட் கிடைக்கலயா?" என்று கேட்டுச் சிரித்தான். பொலிஸ் வந்து, மதிலோரமாகத் தள்ளி நிற்கச் சொன்னது. தள்ளி நின்றார்கள். எந்தப் பத்திரிகையும் வரவில்லை.

உள்ளே அவர் பேசினார். நன்றாகவே பேசினார், அதை மறைக்க மாட்டேன். கதை வந்தது. தொரே என்றார். மண்டபம் சிரித்தது. அணைத்தேன் என்றார். மண்டபம் அடங்கியது. தோளில் சாய்ந்து அழுதார் என்றார். பிறகு அந்த ஒரு நிமிஷ மௌனம். நான் பின் கதவோரம் நின்று, என்னுடைய கதிரைகளில் உட்கார்ந்து, என்னுடைய அங்கிகளைப் போட்டுக்கொண்டு, அத்தனை பிள்ளைகள் கைதட்டுவதைப் பார்த்தேன். யார் வென்றார் என்று கேட்டால், கடைக்காரன் கணக்கில் அவர்தான் வென்றார்.

ஜெயந்தன் உள்ளேதான் இருந்தான். அவனுடைய வீட்டில் இரண்டு தங்கைகள். கையெழுத்தை அழித்தவர்களில் அவனும் ஒருவன். விழா முடிந்து அங்கியைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "நானும் தட்டிப்போட்டன் அங்கிள். எல்லாரும் தட்டேக்கை கை தன்ரபாட்டுக்குத் தட்டிப்போட்டுது." அங்கியை வாங்கி மடித்தேன். அவன் கேற்றுப் பக்கம் போகாமல் பின் வழியால் இறங்கிப் போனான்.

எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிய பிறகு, ஒரு அங்கியை மட்டும் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். மேனகாவையும் ஏற்றிக்கொண்டு அம்பிட்டியவுக்கு வந்தேன். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மேடை இல்லாவிட்டால் முன்னறை. பிள்ளை போட்டுக்கொள்வாள், நீ பார்ப்பாய், நான் ஒரு படம் எடுப்பேன். சரக்கு ஒன்றுதானே, இடம்தானே வேறு என்று நினைத்தேன்.

பையிலிருந்து அதை எடுத்ததும் அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. நீ மூக்கைச் சுளித்தாய். மேனகா கட்டில் காலடியில் அசையாமல் நின்றாள்.

"போடும்மா" என்றேன். போனைக் கையில் எடுத்தேன்.

நீ போனைப் பார்த்தாய். அங்கியைப் பார்த்தாய். "இன்னொரு படமாடா?" என்றாய்.

நான் போனைக் கீழே வைத்தேன்.

"சரிக்கா, படம் வேணாம். சும்மா போட்டுக் காட்டட்டும்."

"அவ பேரக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

"அப்போ எதுக்குப் போடணும்? கூப்பிடாத எடத்துக்கு உடுத்திக்கிட்டு நிக்கிற மாதிரி." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டாய். "இங்க குடு."

அங்கியை உன் மடியில் வைத்தேன். ஒரு ஓரத்தை எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாய், கடையில் சேலை வாங்கும்போது பார்ப்பாயே, அதே மாதிரி. திருப்பி உள்பக்கம் பார்த்தாய். கைப்பக்கத் தையலை இழுத்துப் பார்த்தாய்.

"பொலியெஸ்டர். இதுக்கா இவ்வளவு? வேர்த்துக் கொட்டுமேடா புள்ளைகளுக்கு."

மேனகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் வழிந்தது மழைத்தண்ணி இல்லை. நீ அவளைத் தட்டிக்கொடுத்தபடி, "பச்ச நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்றாய்.

நீ கேட்டது நடக்கவில்லை. பட்டம் தபாலில் வருவதற்கு முன்னமே நீ போய்விட்டாய். தபால்காரர் கொண்டுவந்த கடித உறையை மேனகா பிரிக்கவே நாள் எடுத்தது. பிரித்து, வாசித்து, உன் தலையணைக்குக் கீழே வைத்தாள். அப்போது அந்தக் கட்டிலில் தலையணை மட்டும்தான் இருந்தது.

செத்த வீட்டில் எனக்கு ஒரு போன் வந்தது. நடிகரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண், இனிமையான குரல். அம்மா காலமானதைக் கேள்விப்பட்டோம், ஐயா நேரில் வந்து அஞ்சலி செலுத்த விரும்புகிறார், கமெரா ஒன்று மட்டும் வரும், எந்த றோட்டால் வரவேண்டும் என்று கேட்டாள். நல்ல வெயில் அன்று. முற்றத்தில் வெள்ளைத் துணி அசையாமல் தொங்கியது.

"வர ஏலாது மிஸ்" என்றேன். "றோட்டுல மண் சரிஞ்சு கெடக்கு."

அன்று பின்னேரமே அவருடைய முகநூல் பக்கத்தில் உன் படம் வந்தது. அதே முகம், அதே வயலின், ஓரத்தில் ஒரு விளக்கு மட்டும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அழுதிருந்தார்கள்.

மேனகா இப்போது கண்டி டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பஸ்ஸில்தான் போய் வருகிறாள். அந்த முன்னறையில்தான் இருக்கிறாள். உன்னைப் பற்றி நாங்கள் பேசுவோம், அந்த நாளைப் பற்றிப் பேசமாட்டோம். எனக்கு உன்னோடு இன்னும் வழக்கு இருக்கிறது, அக்கா. ஒரு கட்டு வெற்றிலைதானே, கொடுத்திருக்கலாம், பார்த்திருக்கலாம், கண்ணை நிம்மதியாக மூடியிருக்கலாம் என்று சில நாள் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லுவேன். நீ பதில் சொல்வதில்லை. உன் பிள்ளை நிமிர்ந்து பஸ்ஸுக்கு நடப்பதை ஜன்னலால் பார்க்கும்போது, நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்த வருஷமும் யாரோ ஒரு பிரபலம் பேச வருகிறாராம், பாட்டுக்காரர். பிள்ளைகள் சிலர் கடைக்கு வந்து முணுமுணுத்தார்கள். தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அங்கி தரமாட்டேன் என்று சொல்லவில்லை, தருவேன் என்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

உன் மடியில் கிடந்த அந்த அங்கியைத் தனியாக எடுத்து வைத்தேனா என்று மேனகா ஒரு தடவை கேட்டாள். இல்லை. மறுநாளே மற்றவற்றோடு போட்டுத் துவைத்து, மற்றவற்றோடு மடித்துவிட்டேன். தனியாக வைத்தால் நீ திட்டுவாய், பெட்டிக்குள் கிடக்கும் துணியைப் பூச்சிதான் உடுத்தும் என்று. இப்போது எது அது என்று எனக்கே தெரியாது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே தையல். அதனால்தான் இந்த வேலையை ஆளிடம் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் நானே எடுத்து, ஓரத்தை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, உதறிக் கொடியில் போடுகிறேன்.

இன்று மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் அங்கி அளவு பார்க்க நின்றபோது போனை என் பக்கம் திருப்பினார். "முதலாளி, இந்தப் படம் பாத்திருக்கீங்களா? பாவம், எப்பிடி அழுவுது பாருங்க இந்தம்மா."

நான் கையிலிருந்த அங்கியை மாட்டிவிட்டுத் திரும்பினேன். யார் காட்டினாலும் எத்தனை தரம் காட்டினாலும் நான் சொல்வது இதுதான். வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை, நீ யார் என்றும் சொல்வதில்லை.

"அழல்ல. அது மழைத்தண்ணி. குடைய மடக்கச் சொன்னாங்க."